பேசக் கூடாத சனிக்கிழமைகள்

என் அம்மாவுக்குக் கைவேலை எதுவும் வராது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அறுபதைத் தாண்டிய பெண் என்றால் கோலமோ பின்னலோ பூக்கட்டுவதோ ஏதாவது ஒன்று தானாகவே வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அம்மா போடும் கோலத்தில் புள்ளிகள் ஒரு பக்கம் நிற்கும், கோடு வேறு பக்கம் போகும். அவள் கட்டிய சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது வெறும் நார்தான் மிச்சமிருக்கும். குடியாத்தத்தில் மின்சார அலுவலகத்தில் பில் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் அவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சு. கரண்ட் பில் எப்படி இவ்வளவு வந்தது என்று கத்திக்கொண்டு வந்தவர்கள்கூடத் திரும்பிப் போகும்போது மகள் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பா போன பிறகு அவளை என்னோடு பெங்களூருக்கு அழைத்து வந்தேன். லிங்கராஜபுரத்தில் ஒரு முதல் மாடி வீடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை. பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீட்டு மேஜை. வீட்டில் இருக்கும் நாட்களிலும் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும். கீழ் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போதுதான் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். காய்கறி வண்டிக்காரர், சிலிண்டர் போடுகிறவர், இவர்கள்தான் அம்மாவுக்குக் கிடைத்த ஆட்கள். அவர்களுக்கும் அடுத்த தெருவுக்குப் போக அவசரம்.

ஒரு மதியம் மீட்டிங் முடிந்து ஹெட்ஃபோனைக் கழற்றினேன். கூடத்தில் அம்மா யாருடனோ ஃபோனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "சாப்டியாம்மா? என்னா கொழம்பு? அதுல கொஞ்சம் மாங்கா போட்டுப் பாரேன்." வைத்த பிறகு யாரென்று கேட்டேன்.

"கடன் வேணுமான்னு கேட்டு ஒரு பொண்ணு ஃபோன் பண்ணுச்சுடி. சொந்த ஊரு திருப்பத்தூராம். பாவம், காலையிலேர்ந்து அது பேசறத யாருமே முழுசா கேக்கலியாம்."

அந்த வாரமே அவளை நூலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் தெருவிலிருந்து கொஞ்சம் நடந்தால் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு அரசு நூலகம் இருக்கிறது. ஒரே ஒரு நீளமான கூடம். ஓர் அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு; அம்மா வாரப் பத்திரிகையாவது படிக்கட்டும் என்று நினைத்தேன். உள்ளே போனால் நாற்காலிகள் எல்லாவற்றிலும் இளைஞர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், தலையணை கனத்துக்கு ஒரு பரீட்சை கைடு. அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறவர்கள். காலையில் கதவு திறக்கும்போது வந்தால் பூட்டும்போதுதான் எழுந்திருப்பார்கள்.

கதவில் கன்னடத்தில் எழுதி ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். சனிக்கிழமை மதியம் கைவேலை வகுப்பு, எல்லா வயதினரும் வரலாம், கட்டணம் இல்லை.

"எனக்குத்தான் ஒண்ணும் வராதே" என்றாள் அம்மா.

"வராதவங்களுக்குத்தானே வகுப்பு?"

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். "கூட ஆளுங்க இருப்பாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஆட்கள் இருந்தார்கள். கூடத்தின் கோடியில் கிடந்த நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள். சொல்லிக்கொடுத்தவள் முன்பு ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவள். என் வயதுதான் இருக்கும். வெட்டிய குட்டை முடி, மெல்லிய குரல். எதையும் முதலில் கன்னடத்தில் சொல்லிவிட்டு, பிறகு அம்மா மாதிரி ஆட்களுக்காகத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வாள். அந்தத் தமிழிலும் பாதி கன்னடம் இருக்கும். எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் சிவாஜிநகரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி உட்காருவாள். சனிக்கிழமை மதியம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு பஸ் பிடித்து வருவாள். வீட்டில் உருது; எங்களிடம் நல்ல தமிழ்.

"நாள் முழுக்க வெட்டறதுதானே உன் வேலை, இங்கயும் வந்து வெட்டறியே" என்று அம்மா முதல் நாளே அவளிடம் கேட்டாள்.

"அங்க அடுத்தவங்க அளவுக்கு வெட்டறேன் ஆப்பா. இங்க என் இஷ்டத்துக்கு வெட்டறேன்."

ஆப்பா என்றால் அக்கா. அன்றிலிருந்து அம்மா அவளுக்கு ஆப்பா, அவள் அம்மாவுக்குத் தங்கச்சி.

அம்மா செய்தவற்றைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காகித ரோஜா என்று செய்தது முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. பழைய காலுறையில் செய்த பொம்மையை டிவிக்கு மேலே வைத்தாள். நான் அதைப் பார்க்காமல் நியூஸ் பார்க்கப் பழகிக்கொண்டேன். டீச்சர் யாரையும் புண்படுத்தாதவள். அம்மாவின் வேலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஃபரன்ட்டா இருக்கும்மா" என்பாள். அம்மாவுக்கு அது போதும். அவள் வகுப்புக்கு வந்தது அதற்காகவும் இல்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் வாயைத் திறப்பாள். குடியாத்தத்தில் லைன்மேன் ஒருவர் ஏறிய கம்பத்துக்குக் கீழே குரங்கு ஒன்று உட்கார்ந்துகொண்டு அவரை இறங்கவிடாமல் செய்த கதையைச் சொல்லுவாள். மேஜை முழுக்கச் சிரிக்கும். தமிழ் தெரியாதவர்களுக்குத் தங்கச்சி உருதுவிலும் டீச்சர் கன்னடத்திலும் சொல்ல, மறுபடி இரண்டு முறை சிரிப்பு வரும்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைதான் ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லி. தலையை இழுத்து வாரி ஒற்றைப் பின்னல் போட்டிருந்தாள். நாங்கள் எப்போது வந்தாலும் அவள் அந்த ஜன்னலோர நாற்காலியில்தான் இருப்பாள்.

"ஆன்ட்டி, ஸ்வல்ப மெல்ல மாதாடி. நமகே பரீட்சே இதே."

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், எங்களுக்குப் பரீட்சை இருக்கிறது என்றாள். குரலில் மரியாதை இருந்தது. அம்மா உடனே வாயில் விரலை வைத்துத் தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டாள். அடுத்த வாரமும் அந்தப் பெண் எழுந்தாள். அந்த முறை எங்களிடம் வரவில்லை. நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நேரே நூலகரிடம் போனாள்.

நூலகர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். யாரிடமும் கோபமாகப் பேசத் தெரியாதவர். மேஜைக்கு வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ரெண்டு பக்கமும் நம்ம ஜனந்தான் மேடம். நான் என்ன மாடறது, என்ன செய்யறது?" என்று டீச்சரிடம் கேட்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். வகுப்பு நடக்கட்டும், ஆனால் யாரும் பேசக் கூடாது. டீச்சர் எங்களைப் பார்த்தாள். வேறு இடம் அவளுக்குக் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். சரி என்றாள்.

அம்மாவும் நானும் வீட்டுக்கு நடந்து வந்தோம். ரோட்டைக் கடக்க நின்றபோது சொன்னாள்.

"பேசாம உக்காந்து ஒட்டறதுக்கு நான் எதுக்குடி அங்க போவணும்? அதுக்குத்தான் நம்ம வூடு இருக்குதே."

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோ போனதும் ரோட்டைக் கடந்துவிட்டாள். நான்தான் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை, நானும் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை மதியம் வாசலில் பெல் அடித்தது. துணிப் பையோடு தங்கச்சி நின்றிருந்தாள். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"இப்படியெல்லாம் கோச்சுக்க நக்கோ ஆப்பா" என்றாள். நக்கோ என்றால் வேண்டாம். பெங்களூரில் அது எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. "பேச வேணாம்னுதானே சொன்னாங்க? வர வேணாம்னு சொல்லலியே? போன வாரம் உங்க நாற்காலி காலியா இருந்திச்சு. எனக்கு ஊசி கோக்கவே வரல."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இரு, புடவை மாத்திக்கினு வரேன்" என்றாள். மாற்றிக்கொண்டு வந்தபோது கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. திறந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ இருந்தது. வெந்தய வாசனை. காகிதக் கூழ் பொம்மைக்கு எல்லோரும் வீட்டிலேயே கூழ் அரைத்துக்கொண்டு வர வேண்டும் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தாளாம். போக மாட்டேன் என்று சொன்னவள், பழைய செய்தித்தாள்களை இரண்டு நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து, எங்கள் மிக்சியிலேயே அரைத்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி பல நாள் பேப்பர் வாசனையோடுதான் வந்தது.

அன்றைய வகுப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மின்விசிறி சுற்றும் சத்தம், அந்தப் பக்கம் பக்கங்கள் புரளும் சத்தம், வேறொன்றும் இல்லை. டீச்சர் நடுவில் நின்று, ஒரு உருண்டை கூழைக் கையில் எடுத்து, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் யானை செய்ய ஆரம்பித்தாள். நாங்கள் எல்லோரும் அவளுடைய கைகளையே பார்த்தோம். இத்தனை வாரமாக இரண்டு மொழியில் கேட்டும் பாதி புரியாமல் பக்கத்தில் எட்டிப் பார்த்துச் செய்துகொண்டிருந்தவர்கள்தான் நாங்கள். அன்றைக்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவினால்தான் வெடிப்பு மூடும் என்பதை அம்மாவுக்குக் காட்ட, தங்கச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனாள். அம்மா முதல் தடவையாகத் தன் கை என்ன செய்கிறது என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். பேசும்போது அவள் கண் எப்போதும் கேட்கிறவர்களின் முகத்தில்தான் இருக்கும்.

யானை வந்துவிட்டது. நான்கு கால், இரண்டு காது, கொழுத்த தும்பிக்கை. அவள் செய்து, இது இன்னது என்று கேட்காமலே எனக்கு அடையாளம் தெரிந்த முதல் பொருள் அது. அம்மாவுக்குத் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்ல முடியாது. புருவத்தைத் தூக்கி எனக்குக் காட்டினாள், தங்கச்சிக்குக் காட்டினாள், டீச்சருக்குக் காட்டினாள். டீச்சர் கண்ணை விரித்துத் தலையாட்டினாள்.

அப்போது தும்பிக்கை மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அம்மா ஒரு விரலால் முட்டுக் கொடுத்தாள். விரலைத் தாண்டி அது இறங்கியது. மேஜை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அது கழன்று, கீழே இருந்த பசைக் கிண்ணத்தில் 'பொளக்' என்று விழுந்தது. பசை தெறித்து அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

தங்கச்சி துப்பட்டா நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அம்மா கிண்ணத்திலிருந்து தும்பிக்கையை எடுத்து, சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ரொம்பக் கவனமாக யோசித்தாள். பிறகு அதை யானையின் பின்பக்கத்தில் வாலாக ஒட்டினாள்.

முதலில் சிரிப்பு வெடித்தது எங்கள் மேஜையில் இல்லை. கைடுக்கு மேலே கண்ணை மட்டும் நீட்டி நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனின் மூக்கிலிருந்துதான் அது வந்தது. அவ்வளவுதான். கூடமே சிரித்தது. என்ன கலவரமோ என்று நூலகர் தன் மேஜையிலிருந்து ஓடி வந்தார். முன்னால் ஒன்றும் இல்லாமல் பின்னால் தும்பிக்கையோடு நின்ற யானையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

ஜன்னலோரப் பெண்ணும் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவள் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அது சிரிப்பு இல்லை என்று எங்களுக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல், பின்கதவு வழியாக வெளியே போனாள். அம்மா கூழ் அப்பிய கையோடு அப்படியே பின்னால் போனாள்.

வெகுநேரம் ஆகியும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில், படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் வேகமான கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு 'உம்' கொட்டவில்லை. கையைத் துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கூழ் அவள் விரல்களில் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

எனக்குக் கன்னடம் படிக்கத்தான் தடுமாறும்; கேட்டால் புரியும், பேசவும் வரும். அவளுக்குக் கோலார் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கொஞ்சத்தில் தவறிவிட்டது. அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார். எந்தச் சனிக்கிழமை வேண்டுமானாலும் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறார். தங்கியிருக்கும் பி.ஜி. விடுதி அறையில் நான்கு பெண்கள், ஒரு மேஜை கிடையாது. இந்த நாற்காலி ஒன்றுதான் படிக்க இடம். போன வாரம் அம்மா வராததைப் பார்த்து, கூடப் படிக்கிறவர்களே, "அந்த ஆன்ட்டியத் துரத்திட்டியே" என்று கேலி செய்திருக்கிறார்கள். அன்றைக்கு முழுக்க ஒரு பக்கம்கூட ஓடவில்லையாம்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "சாரி ஆன்ட்டி" என்றாள்.

"ஊட்டா ஆய்த்தா?" என்று அம்மா கேட்டாள். சாப்பிட்டாயா என்று. அம்மாவுக்கு அப்போது முழுதாகத் தெரிந்த கன்னட வாக்கியம் அது ஒன்றுதான்.

அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முனை பேக்கரிக்குப் போய் வெஜிடபிள் பஃப்ஸும் டீயும் வாங்கி வந்தேன்.

அன்று சாயந்தரம், அவள் சொன்னதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா குறுக்கே கையைக் காட்டினாள். "அதெல்லாம் எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு. கவுண்டருக்கு வர்றவங்க பில்லப் பத்திப் பேசவா வர்றாங்க?"

அடுத்த சனிக்கிழமை வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் அம்மா படிக்கிறவர்களின் பக்கம் போய் நின்றாள். அவள் தமிழில் சொல்ல, நான் கன்னடத்தில் சொன்னேன். உள்ளே இருக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். நடுவில் ஒரு டீ நேரம் விடுங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள், அங்கே பேசிக்கொள்ளலாம். தொடர்ந்து படித்தால் உங்களுக்கும் மண்டையில் ஏறாது. தும்பிக்கைக்கு முதலில் சிரித்த பையன்தான் முதலில் கை தூக்கினான்.

இப்படித்தான் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே டீ நேரம் ஆரம்பித்தது. முனைக் கடையிலிருந்து ஒருவர் ஃபிளாஸ்க்கில் வாங்கி வருவார். அம்மா அதுவரை அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசித் தீர்ப்பாள். லைன்மேன் கதையைப் படிக்கிறவர்கள் அங்கேதான் முழுதாகக் கேட்டார்கள். நூலகரும் வந்து நிற்பார். ஆனால் உள்ளே நுழைந்ததும் அம்மா வாயை மூடிவிடுவாள். மூடியபடி ஒட்டுவாள், பிசைவாள், வெட்டுவாள். அவள் கை ஒன்றும் பெரிதாகத் திருந்திவிடவில்லை. முட்டைக்கோஸ் கொஞ்சம் சின்னதாயிற்று, அவ்வளவுதான்.

அந்தப் பெண் வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் எங்கள் மேஜைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். படிப்பில் அவ்வளவு ஒழுங்கானவள், கோடு போட்டு வெட்டுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அம்மாவை விட மோசம். முதல் நாள் செய்த பறவைக்கு மூன்று இறக்கை இருந்தது. டீச்சர் 'டிஃபரன்ட்டா இருக்கு' என்பதற்கு உதட்டைப் பிதுக்கித் தலையை ஒருபக்கம் சாய்த்துக் காட்ட ஒரு சைகை கண்டுபிடித்திருந்தாள். அன்றிலிருந்து அதை ஒரே மேஜையில் இரண்டு பேருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

பரீட்சை நெருங்கிய சமயத்தில், ஒரு சனிக்கிழமை டீ நேரத்தில், அந்த ஜன்னலோரப் பெண்ணின் அப்பா வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறையத் தக்காளி. மகளைப் பார்த்துப் பேசாமல் நூலகத்தின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அம்மா ஒரு டீயை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். அவர் மகளிடம் ஏதோ தெலுங்கில் முனகினார். அம்மாவின் முகம் மலர்ந்தது. குடியாத்தத்திலிருந்து ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம். கவுண்டரில் அவள் பாதி நாள் தெலுங்குதான் பேசியிருக்கிறாள். தெலுங்கிலேயே கேட்டாள், நிலம் எவ்வளவு, என்ன பயிர், தண்ணீர் எப்படி என்று. அவர் முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். தண்ணீர் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்தார். மோட்டாருக்குக் கரண்ட் கண்ட நேரத்தில் விடுகிறார்களாம். விட்டாலும் வோல்டேஜ் இல்லையாம். புகார் சொல்லப் போனால் ஆபீஸில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். அம்மா அவரைப் படியில் உட்காரவைத்தாள். எந்த மேஜைக்குப் போக வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும், அவர்கள் என்ன சாக்குச் சொல்வார்கள், அதற்கு இவர் என்ன சொல்ல வேண்டும் என்று விளக்கினாள். அவர் குறுக்குக் கேள்வி கேட்டார். இவள் பதில் சொன்னாள். டீ நேரம் முடிந்து எல்லோரும் உள்ளே போய்விட்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் தனியாகத்தான் போனார். போகும்போது மகளைக் கூப்பிட்டு, பரீட்சை முடியட்டும் என்றார். தக்காளிப் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

"என்ன சொன்னீங்க ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உன்னப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே. கரண்டப் பத்திப் பேசினோம்" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆபீஸ்ல பொம்பளைங்க இருந்தா இந்த மாதிரி வெரட்ட மாட்டாங்கன்னு அவராத்தான் சொன்னாரு. நான் ஆமாம்னேன்" என்றாள்.

அவள் பரீட்சை எழுதினாள். ரிசல்ட் வர மாதங்கள் ஆயின. அந்த மாதங்களிலும் ஜன்னலோர நாற்காலியில் வேறொரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வகுப்பு நடுவில், ஃபோனைக் கையில் பிடித்தபடி எங்கள் மேஜைக்கு வந்து நின்றாள். பேசக் கூடாது என்பது அவளுக்கும் பழக்கமாகிவிட்டிருந்தது. ஃபோனை அம்மாவிடம் நீட்டினாள். அம்மாவுக்கு அந்தக் கன்னடம் படிக்க வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அய்யோ என் தங்கமே" என்று கூடமே அதிரக் கத்தினாள். அன்றைக்கு நூலகர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனேக்கல்லில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை போட்டார்கள். சேர்ந்து கொஞ்ச நாள் ஆன பிறகு, நீங்கள் எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்று அழைத்தாள். அம்மா, தங்கச்சி, நான் மூவரும் லீவு எடுத்துக்கொண்டு, பஸ் மாறிப் போனோம். லீவு எடுக்க வேண்டியிருந்தது என்னவோ எனக்கு மட்டும்தான். ஆனால் அம்மாவும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

அலுவலகம் சந்தை மாதிரி இருந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்றிலும் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஃபைல் அடுக்குகளுக்கு நடுவிலிருந்து அவள் எழுந்து ஓடி வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புடவை கட்டியிருந்தாள், கொசுவம் சரியில்லை என்று தங்கச்சி அங்கேயே நிறுத்தி ஊசி குத்திவிட்டாள். தன் மேலதிகாரியிடம் எங்களை அழைத்துப் போய், அம்மாவைக் காட்டி, "இவரு என்னோட ஃப்ரெண்ட் சார்" என்று கன்னடத்தில் சொன்னாள். அவர் அம்மாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கை கூப்பினார்.

எதிரே இருந்த ஹோட்டலில் தட்டு இட்லி வாங்கிக் கொடுத்தாள். வேலை எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள்.

"எல்லாம் சரி ஆன்ட்டி. ஆனா காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க. தலை வலிக்குது" என்றாள். அவள் தமிழ் அதற்குள் குடியாத்தம் தமிழாகவே ஆகியிருந்தது. "சனிக்கிழமை லீவு கிடைச்சா லைப்ரரிக்கு வந்து சும்மா உக்காரட்டுமா? நான் எதுவும் செய்யக்கூட வேணாம்."

"அதெல்லாம் கிடையாது. வந்தா செய்யணும். சும்மா உக்கார்றவங்களுக்கு டீச்சர் நாற்காலி குடுக்க மாட்டாங்க" என்றாள் அம்மா, தானே அந்த வகுப்பை நடத்துகிறவள் போல.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. தங்கச்சி ஏறியதுமே தூங்கிவிட்டாள். அம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சந்தாபுரம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"என்னம்மா, ஒண்ணும் பேச மாட்டேங்கற?"

"சும்மா இருடி, வேடிக்க பாத்துக்கினு வரேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலே, "வர சனிக்கிழமை களிமண்ணாம், டீச்சர் சொன்னாங்க. பழைய புடவையா ஒண்ணு எடுத்து வைக்கணும், உனக்கும் ஒரு பழைய சுடிதார்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.